ஆறு ஃப்ரேம் தாமதம்

ஜூன் 10, திங்கள்

ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே எழுதிவிடுகிறேன். என்னைவிட மூன்று வயது சின்னவன் ஒருவனை நான் இருபத்தேழு வருடமாக 'அண்ணா' என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மரியாதையால் அல்ல. தோற்றுப் போனதால்.

கிராஸ்கட் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு அடியில், படியிறங்கிப் போனால், வீடியோ கேம் பார்லர் ஒன்று இருந்தது. அங்கே எழுதாத சட்டம் ஒன்று. சண்டை விளையாட்டில் எவனிடம் தோற்றாயோ அவனை, திரும்ப ஜெயிக்கும் வரைக்கும், உள்ளேயும் வெளியேயும் 'ங்ணா' போட்டுத்தான் பேச வேண்டும். வயது, படிப்பு, அப்பாவின் உத்தியோகம் எதுவும் செல்லாது. நான் பி.காம். முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். அந்தச் சின்னவன் வெள்ளிங்கிரி, பிளஸ் டூவில் கணக்கில் ஃபெயிலானவன். 'ஹார்பர் கிங்ஸ்' என்ற விளையாட்டில் அவன் என்னை நாற்பத்தொரு தடவை அடித்தான். நாற்பத்திரண்டாவது ஆட்டத்துக்கு என் டோக்கனைக் கண்ணாடி விளிம்பில் வைத்து இடம் பிடித்திருந்த வாரத்தில், சேலை அடுக்க இடம் போதவில்லை என்று ஜவுளிக்கடைக்காரர் பார்லரைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். மெஷின் லாரி ஏறியது. என் விடுதலையும் அதோடு ஏறியது.

அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் "எங்கீங்ணா போறீங்க". ரேஷன் கடையில் பார்த்தால் "சர்க்கரை வந்துருச்சுங்ணா". அவன் கல்யாணத்தில் மேடையேறி, "நல்லாருங்ணா" என்றேன். மணப்பெண் கலாமணி என் தலையையும் மாப்பிள்ளை தலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அப்போதே எனக்கு முன்னுச்சி வெளிச்சம் போட்டிருந்தது.

இன்றைக்கு இதை ஏன் கிளறுகிறேன் என்றால், நான் வேலை பார்க்கும் சரவணம்பட்டி கம்பெனி அதே ஹார்பர் கிங்ஸைத்தான் இப்போதைய கன்சோல்களுக்காக மறுபடி வெளியிடப் போகிறது. பழைய மூன்று பாகங்களும் ஒரே தொகுப்பாக. நான் அதில் வரலாற்றுக் குறிப்பு எழுதுகிறவன். இருபது வருடம் ஒரு வார இதழில் நகைச்சுவைப் பத்தி எழுதினேன், இதழ் நின்றுபோனது, வாசகர்கள் அதற்கும் முன்னாலேயே நின்றிருந்தார்கள். எட்டு மாதத்துக்கு முன் இந்த வேலைக்கான நேர்முகத்தில், "கோயமுத்தூர் பார்லர் சாம்பியன் யாருன்னு நினைக்கறீங்க, நான்தான்" என்று சொல்லி வைத்தேன். வேலை கிடைத்தது.

இன்று முதலாளியின் மெயில். வெளியீட்டு விளம்பரத்துக்கு ஒரு வீடியோ வேண்டுமாம். 'பழைய சாம்பியனும் அவருடைய பரம எதிரியும் மறுபடி மோதுகிறார்கள்.' எதிரியை நான்தான் தேடிப் பிடிக்க வேண்டுமாம்.

ஜூன் 13, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. மனைவி சுகுணா உள்ளே தூக்கி வைக்கச் சொன்னாள். இடுப்பைப் பிடித்துக் காட்டினேன். அவளே உருட்டிக்கொண்டு போனாள். போகும்போது, "சண்டை கேம் ஆடறதுக்கு இடுப்பு வேண்டாமாக்கும்" என்றாள்.

ஆபீசில் பெனசிர் எனக்குப் பாடம் எடுத்தாள். தொகுப்பின் தலைமைப் புரோகிராமர் அவள்தான். நான் முட்டாள்தனமாக ஏதாவது கேட்டால் சிரிக்க மாட்டாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டுப் பதில் சொல்வாள். இன்று பாட்டில் காலியாகிவிட்டது.

விஷயம் இதுதான். அந்தக் காலத்துப் பெட்டி மெஷினில் பொத்தானைத் தட்டிய கணத்தில் உதை விழும். இப்போதைய டிவி, ஒயரில்லாத கண்ட்ரோலர், உள்ளே ஓடும் சமாச்சாரம் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் நேரத்தைத் தின்றுவிடும்.

"ஒரு செகண்டை அறுபதா கூறு போடுங்க சார். அதுல ஒரு கூறுதான் ஒரு ஃப்ரேம்" என்றாள். "அஞ்சாறு ஃப்ரேம் லேட்டானா புது ஆளுங்களுக்குத் தெரியாது. பழைய ஆளுங்களுக்கு உடனே உறுத்தும்."

"மெஷின் சரியில்லைன்னு கண்டுபிடிச்சுருவாங்களா?"

"மாட்டாங்க சார். 'என்ற கைதான் சரியில்லை'ம்பாங்க."

வேண்டுமென்றே தாமதத்தைக் கூட்டிப் பார்ப்பதற்கு ஒரு மறைவான மெனு செய்து வைத்திருக்கிறாள். மூன்று பொத்தானைச் சேர்த்துப் பிடித்தால் திறக்கிறது. முதல் ஆட்டக்காரருக்குத் தனி எண், இரண்டாமவருக்குத் தனி எண். பூஜ்யத்திலிருந்து பத்து வரை.

எனக்கு அதில் ஒரு ஆர்வமும் இல்லை. குறிப்பு எழுத உதவுமே என்று அந்த மூன்று பொத்தான் எவை என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

ஜூன் 15, சனி

வடவள்ளிக்குப் போனேன். வாசலில் மஞ்சள் வேன். வெள்ளிங்கிரி டயருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். ஒரு மெட்ரிக் பள்ளிக்கு வேன் ஓட்டுகிறான், சொந்த வண்டி, இருபத்திரண்டு பிள்ளைகள்.

"வாடா தாமு" என்றான்.

"நல்லாருக்கீங்களாங்ணா" என்றேன். நாக்கு பழகிவிட்டது, மூளையைக் கேட்பதில்லை.

"பத்தொம்பது வருசம்டா. ஒரு கொழந்தைக்கு ஒரு சிராய்ப்பு கெடையாது. வண்டிக்கு ஒரு கீறல் கெடையாது."

இடது பக்கம் ஒரு முழ நீளத்துக்குப் புதுக் கீறல் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "கேட்டு குறுகலாயிப்போச்சு" என்றான். இரும்பு கேட் எப்படிக் குறுகும் என்று கேட்கவில்லை. பெருமை பேசுகிறவனைத் திருத்தினால் டீ கிடைக்காது.

டீ கிடைத்தது. கலாமணி நீட்டினாள், அவன் வாங்குவதற்குள் அவள் கையை எடுத்துவிட்டாள் போல, வேட்டியெல்லாம் டீ.

"இப்பெல்லாம் இப்படித்தானுங்" என்று கலாமணி என்னிடம் சொன்னாள். "குடுக்கறத வாங்கறதுக்குள்ள எங்கியோ யோசன."

என்னைப் பார்த்த பரவசம் என்று எடுத்துக்கொண்டேன்.

விளையாட்டு திரும்ப வருகிறது என்றதும் அவன் முகம் ஆன அழகு இருக்கிறதே. நாற்பத்தைந்து வயதுத் தொப்பைக்காரன் அடுப்படிக்கு ஓடி, "கலா, பாம்புக்காரி வர்றாளாமா" என்று கத்தினான். பாம்புக்காரி என்பது அவன் எப்போதும் எடுக்கும் வீராங்கனை. கலாமணி வேறு மாதிரி புரிந்துகொண்டு கரண்டியோடு வெளியே வந்தாள். விளக்கம் சொல்ல அரைமணி நேரம் ஆனது.

ஜூன் 19, புதன்

காலை டிரிப்புக்கும் சாயங்கால டிரிப்புக்கும் நடுவில் ஆபீசுக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி. ஏதோ பெண் பார்க்க வந்தவன் மாதிரி.

கம்ப்யூட்டரை எதிர்த்து ஆடிப் பார்க்க உட்கார வைத்தோம். இரண்டாவது ரவுண்டிலேயே செத்தான். இன்னொரு தடவை. அதுவும் அப்படியே. கண்ட்ரோலர் பழக்கமில்லை, பாவம். பெனசிர் பழைய மாடல் ஸ்டிக் ஒன்றைத் தேடிக் கொடுத்தாள். அதற்கப்புறம் ஏதோ பரவாயில்லை.

அது போகட்டும். டீ குடிக்கும்போது முதலாளி, "எங்க தாமோதரன் சார்கிட்ட நிறைய அடி வாங்கியிருக்கீங்க போல" என்று தோளில் தட்டிக் கேட்டார்.

வெள்ளிங்கிரிக்கு ஒளிக்கத் தெரியாது. இருபத்திரண்டு பிள்ளைகளை நம்பி ஏற்றுகிறார்களே, அந்த முகம்.

"தாமுங்களா? நாப்பத்தோரு தடவ என்றகிட்டத் தோத்தானுங். அதுனாலதான் என்னைய அண்ணாம்பான். கேட்டுப் பாருங்."

ஆபீசே என்னைப் பார்த்தது. பெனசிர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

"ஒரு தடவகூட ஜெயிக்கலையா சார்?"

"அது வந்து, பார்லர் மூடிட்டாங்க" என்றேன்.

முதலாளி சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்தினார். அது சிரித்ததைவிட மோசமாக இருந்தது. சனிக்கிழமை படப்பிடிப்பு. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எதைப் பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

ஜூன் 20, வியாழன்

தலைக்கு மை அடித்தேன். காதிலும் பட்டது.

ஜூன் 22, சனி

ஜெயித்தேன்.

பத்துக்கு இரண்டு. முதலில் பத்து ஆட்டம் எடுப்பவர் வெற்றி என்று வைத்திருந்தார்கள். கேமரா மூன்று, விளக்கு நான்கு, ஆபீசே கூடியிருந்தது. கலாமணியும் பட்டுப்புடவையில் வந்திருந்தாள்.

நான் எடுத்தது மீசைக்காரன், அவன் எடுத்தது பாம்புக்காரி. அவனுடைய பெயர்போன அடி ஒன்று உண்டு: எதிராளி எகிறும்போது கீழிருந்து சுழன்று வரும் உதை. அந்தக் காலத்தில் அதை யாரும் தாண்டியதில்லை. இன்று நான் எகிறினேன், இறங்கினேன், அடித்தேன், திரும்ப எகிறினேன். அதற்கப்புறம்தான் அவன் உதை வந்தது. காலியான இடத்தில் பாம்புக்காரி தனியாகச் சுற்றினாள். ஆபீஸ் சிரித்தது. மூன்றாவது தடவை சுற்றியபோது கலாமணிகூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆறாவது ஆட்டத்தில் அவன் ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்து விரல்களைப் பார்த்தான்.

"கண்ணு பாக்குது" என்றான். "கை பொறகால போகுது."

கேமராக்காரர், "சூப்பர்ங், அதே மாதிரி இன்னொருக்கா சொல்லுங்" என்றார். சொன்னான்.

முடிந்ததும் எழுந்து நின்று, எல்லார் முன்னாலும், பார்லர் சட்டப்படி சொன்னான்: "நல்லா ஆடுனீங்ணா."

இருபத்தேழு வருடம். காது குளிர்ந்தது என்று எழுதுவார்களே, எனக்குக் காதில் மை அரித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் குளிர்ந்தது.

(படப்பிடிப்புக்கு முன்னால் அவன் முகம் கழுவப் போயிருந்தான். மற்றவர்கள் விளக்கை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். மூன்று பொத்தான். இரண்டாம் ஆட்டக்காரருக்கு ஆறு என்று வைத்தேன். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. கொசு அடிக்கக்கூடப் போதாத நேரம். சாயங்காலம் திரும்பப் பூஜ்யமாக்கிவிட்டேன். எட்டு மாதமாகத் தினம் ஆடுகிறவன் நான். அது இல்லாவிட்டாலும் ஜெயித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதனால் அடைப்புக்குறிக்குள் எழுதுகிறேன்.)

ஜூன் 23, ஞாயிறு

சுகுணாவிடம் வெற்றியைச் சொன்னேன். "எதுக்கு?" என்றாள். வெண்டைக்காய் நறுக்கிக் கொடுத்தேன்.

ஜூலை 1, திங்கள்

வீடியோ வெளியானது. பின்னணிக் குரலுக்கான வாசகம் நான் எழுதியது. 'வயது எல்லோரையும் பிடிக்கும். சிலரைச் சாம்பியனாக இருக்கும்போதே பிடிக்கும்.' அந்த இடத்தில் பாம்புக்காரி வெட்டவெளியில் சுற்றுவதை மெதுவாக ஓட்டி, மேலே வெள்ளிங்கிரியின் குரல்: "கண்ணு பாக்குது, கை பொறகால போகுது." பின்னால் ஒரு நாதஸ்வரச் சறுக்கல். அந்தச் சறுக்கல் என் யோசனை.

மத்தியானத்துக்குள் ஏகப்பட்ட பேர் பார்த்துவிட்டார்கள். கீழே ஒரு குழந்தை எழுதியிருந்தது: 'எங்க வேன் அங்கிள்தான். கை பொறகால போகுது ஹாஹா.' அதற்குக் கீழே அந்தக் குழந்தையின் அம்மாவோ அப்பாவோ: 'அப்ப பிரேக்கு?'

நல்ல நகைச்சுவை உணர்வுள்ள குடும்பம்.

ஜூலை 4, வியாழன்

கலாமணி போன் செய்தாள்.

"நீங்க அவருகூடப் பேசுங்ணா." அவளும் எனக்கு ங்ணா போடத் தொடங்கிவிட்டாள், வீட்டில் ஏதோ அறிவிப்பு நடந்திருக்க வேண்டும். "வண்டி எடுக்க மாட்டேங்கறாருங். திங்கக்கெழமையே சாவிய என்ற தங்கச்சி வீட்டுக்காரருகிட்டக் குடுத்துட்டாருங்."

"எதுக்கு?"

"ஆரும் ஒண்ணுஞ் சொல்லலீங். இவருதான் கேக்கறாரு. 'புள்ளைங்கள ஏத்திட்டுப் போறப்ப ஒண்ணு குறுக்க வந்துச்சுன்னா, கண்ணு பாத்துப்போட்டு, கை பொறகால போனா என்ன பண்றது கலா'ங்கறாரு. நான் என்னங் சொல்றது."

ஒரு விளையாட்டுத் தோல்விக்கு இவ்வளவா என்று கேட்டேன்.

"வெளையாட்டுல பொய் வராதுங்கறாரு. மனுசன் பொய் சொல்லுவானாமா, மெஷின் சொல்லாதாமா."

நான் இன்று மாலையே அவனுக்குப் போன் செய்ய நினைத்தேன். துவைக்கப் போட்ட துணி நிறைய இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

அவனுக்கு இன்னும் போன் செய்யவில்லை.

ஜூலை 15, திங்கள்

கம்பெனி வாசலில் புது வாட்ச்மேன். நீலச் சட்டை, தோளில் பட்டை, கையில் பதிவேடு. என் ஸ்கூட்டரைப் பார்த்ததும் ஓடிவந்து கேட்டைத் திறந்தான்.

"வாங்ணா."

முதலாளியைப் பார்த்து இவனே கேட்டு வாங்கியிருக்கிறான். வீடியோ நன்றாக ஓடியதில் அவருக்கு இவன்மேல் பிரியம்.

"ஏன் வெள்ளிங்கிரி இங்க?" முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"கேட்டு தெறக்கறதுக்குச் சுறுசுறுப்பு வேண்டாமுங்ணா. வண்டி வந்தா நிக்கும். நான் தெறக்கற வரைக்கும் நிக்கும். ஆருக்கும் ஒண்ணும் ஆகாது."

ஒப்புக்கொள்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. வேண்டுமென்றே மத்தியானம் ஒரு தடவை வெளியே போய்த் திரும்பி வந்தேன்.

ஜூலை 19, வெள்ளி

பின்பக்கக் கேட் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தேன். கொஞ்சம் சுற்று. சாக்கடையைத் தாண்ட வேண்டும்.

ஜூலை 24, புதன்

பின்பக்கக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் முன்வாசலில் பெனசிர் நின்றிருந்தாள். முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்றை மேலே பிடித்து, சொல்லாமல் விடுவாள். வெள்ளிங்கிரி கீழே விரலை விரித்து வைத்திருந்து பிடிக்க வேண்டும். எத்தனையாவது சென்டிமீட்டரில் பிடித்தான் என்பது கணக்கு, எண் ஏற ஏறக் கை மந்தம். கை எவ்வளவு சீக்கிரம் போகிறது என்று பார்க்கிற சோதனையாம். அவன் கேட்டதால் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

இருபத்தேழு. இருபத்தொன்பது. அடுத்தது தரையில் விழுந்தது. ஒவ்வொன்றையும் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைக்கிறான். எழுத்து பொடிப்பொடியாகச் சுருங்கிக் கிடந்தது. என் கண்ணாடியைப் போட்டும் படிக்க முடியவில்லை.

"நீங்க புடிங்ணா" என்றான்.

பதினேழில் பிடித்தேன். நாற்பத்தெட்டு வயசு, வாய்வு, முதுகுவலி எல்லாவற்றோடும் பதினேழு.

அவன் அந்தப் பதினேழையும் எழுதிக்கொண்டான். "உங்களுக்கு மூணு வயசு கூட" என்றான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் ஒரு மெஷினில் ஆறு என்று ஒரு எண்ணை வைத்தேன். இவன் அதை நம்பி, தன் கையையே அந்த எண்ணுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறான். கவலை உடம்பை எவ்வளவு மந்தமாக்கும் என்பதற்கு இவனை ஆஸ்பத்திரியில் காட்சிக்கு வைக்கலாம்.

மத்தியானச் சோற்றை அப்படியே டப்பாவோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சுகுணா திறந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள். சாப்பாட்டைத்தான் சொன்னாள்.

ஜூலை 27, சனி

சொல்லிவிட்டேன்.

ஆபீஸ் விடுமுறை. வாசல் அறையில் அவன் மட்டும். முந்நூறு தடவை ஒத்திகை பார்த்த பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. "உங்க கை சரியாத்தான் இருக்குதுங்ணா" என்று தொடங்கினேன். என் வாயிலிருந்து 'ங்ணா' வந்ததுமே அவன் நிமிர்ந்துவிட்டான்.

மெனு, மூன்று பொத்தான், ஆறு ஃப்ரேம் எல்லாம் சொன்னேன். நேர்முகத்தில் விட்ட பொய்யையும் சொன்னேன்.

"அப்ப என்ற கையி?"

"உங்க கை சரியான நேரத்துலதான் போச்சு. நான்தான் நடுவுல நிறுத்தி வெச்சேன்."

"சத்தியமா?"

"என்ற பேரப்புள்ளைங்க மேல சத்தியமா." எனக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை. அவனுக்கு அது நினைவில்லை.

அறைந்தான். அந்தக் கை கிளம்பியதைப் பார்த்தேன். விலக எனக்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது. மரியாதைக்காக விலகவில்லை.

அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் அழுதான். அவன் வலதுகை என் முதுகில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. அழுகை நின்ற பிறகும் அது நிற்கவில்லை. தட்டிக் கொடுக்கிறான் என்று நானும் நின்றேன்.

"மொதலாளிக்குச் சொல்லீராதீங்ணா" என்றேன்.

"சொல்ல மாட்டேன்டா. வா, ஒரு ஆட்டம்."

என்னிடம் சாவி இருந்தது. மேலே போனோம். தாமதம் இரண்டு பக்கமும் பூஜ்யம் என்று மெனுவைத் திறந்து காட்டினேன். முதல் இரண்டு ஆட்டத்தில் தடுமாறினான். நம்பிக்கை இன்னும் வரவில்லை போல. அதனால் நான் கொஞ்சம் கையைத் தாராளமாக விட்டேன். எகிற வேண்டிய இடத்தில் எகிறி, இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல், அந்தச் சுழல் உதை வரும்வரை காற்றிலேயே கிடக்கிற மாதிரி பார்த்துக்கொண்டேன். அடுத்த ஐந்துக்கு ஐந்தும் தோற்றேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, அத்தனை அழகாகத் தோற்றேன்.

"போடு" என்றான்.

"நல்லா ஆடுனீங்ணா" என்றேன்.

சாயங்காலம் கலாமணியின் போன். முதல் ஐந்து நிமிடம் அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது. என் பாட்டன் வரை போய்த் திரும்பினாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "இருந்தாலும் வாயத் தொறந்து சொன்னீங்களே, அதுக்கு நீங்க மனுசனுங்."

"பரவாயில்லீங்."

"வர்ற செவ்வாக்கெழம நரம்பு டாக்டருகிட்ட டோக்கன் போட்டிருந்தோமுங். கையி இப்படி ஆடுதே, ஒருக்கா பாத்துருவோம்னு நான்தான் அழுது புடிச்சு ஒத்துக்க வெச்சேன். இன்னிக்கு வந்ததுமே அவரே போனப் போட்டு வேண்டாம்னுட்டாருங். ஆகற செலவும் மிச்சம், அலைச்சலும் மிச்சம். உங்க புண்ணியம்."

ஒரு மனிதனின் வாழ்க்கையைத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு லேசான வேலை. முன்னமே செய்திருக்கலாம்.

ஜூலை 29, திங்கள்

முதல் நாள் வேனில் என்னையும் ஏற்றிக்கொண்டான். தண்டனையா விருந்தா தெரியவில்லை. பிள்ளைகள் "அங்கிள் வந்தாச்சு" என்று ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டன. ஒன்று என்னைக் காட்டி, "இந்தத் தாத்தாதான் உங்களை ஜெயிச்சாரா?" என்றது.

"அவன் கள்ளாட்டம் ஆடிட்டான் கண்ணு" என்றான் வெள்ளிங்கிரி. இருபத்திரண்டு பிள்ளைகளும் லாலி ரோடு வரைக்கும் "கள்ளாட்டம், கள்ளாட்டம்" என்று பாடிக்கொண்டு வந்தன.

வளைவில் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. வெள்ளிங்கிரி பார்த்தான், "ஏய்" என்றான், அப்புறம் பிரேக் போட்டான். ஆட்டோக்காரர் இறங்கிவந்து எங்கள் இரு குடும்பங்களின் பூர்வீகம் பற்றிச் சில தகவல்கள் சொன்னார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

"நாலு வாரம் ஓட்டாம வுட்டது. எல்லாம் உன்னாலடா" என்றான்.

என்னால்தான். தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

வீட்டுக்கு ஒரு கிலோ மைசூர்பா வந்தது, கலாமணி கொடுத்தனுப்பியது. சுகுணாவுக்கு முழுக்கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். கல்யாணமான புதிதில் அப்படிப் பார்த்திருக்கிறாள்.

"நீங்க ஒத்துக்குவீங்கன்னு நான் நினைக்கல" என்றாள். பிறகு சிலிண்டரை என்னைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வெளியீட்டுக்கு இன்னும் ஒன்பது நாள். பெனசிர் பிழைப் பட்டியல் கொடுத்தாள். வாங்குகிறவர்களுக்குப் புரிகிற தமிழில் நான் எழுதித் தர வேண்டும். மொத்தம் முப்பத்தொன்று. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

பத்தொன்பதாவது பிழை: தாமத அமைப்பை மாற்றினால் திரையில் எண் மாறுகிறது, ஆனால் விளையாட்டை ஒருமுறை மூடித் திறந்தால்தான் நடைமுறைக்கு வருகிறது.

எழுந்து அவள் மேசைக்குப் போனேன்.

"இது எப்ப வந்த பிழை பெனசிர்?"

"மொதல்ல இருந்தே அப்படித்தான் சார். இந்த வாரந்தான் கண்ணுல பட்டுச்சு."

"மூடித் தெறக்காம அப்படியே ஆடினா?"

"ஒண்ணும் ஆகாது சார். ஆறுன்னு வெச்சாலும் பூஜ்யத்துலயேதான் ஓடும். ரெண்டு பேருக்கும் சமமா."

கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபது. பள்ளி விடுவது மூன்றரைக்கு.

அவன் எண்ணைப் போட்டேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொட மாட்டான். அந்த விஷயத்தில் அவன் ரொம்ப ஒழுங்கு. கலாமணியின் எண்ணைத் திரையில் கொண்டுவந்துவிட்டு, போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். இந்தப் பெண்ணுக்கு நான் எத்தனை தடவைதான் உண்மையைச் சொல்வது.

திரும்பப் பெனசிரிடம் போனேன். படப்பிடிப்பு நடந்த சனிக்கிழமை மெஷின் ஓடிய பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். விளையாட்டு தொடங்கிய நேரம் காலை ஒன்பது ஐம்பது. மூடிய நேரம் மாலை ஐந்து பதினாறு. நடுவில் மூடித் திறந்ததாக ஒரு வரி இல்லை.